மீசை இல்லாத உன் அப்பா

கண்ணு,

போனில் பேசினால் நீ "மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதற்குள் உன் பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது அந்த அவசரத்துக்குள் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன். புனேயில் உனக்கு லீவு உள்ள நாளில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி.

போன வாரம் ஷாலினி வீட்டுக்கு வந்திருந்தாள். ஜாக்கெட் அளவுக்கு என்று சொன்னாள், ஆனால் அதற்காகத் திருநின்றவூரிலிருந்து ரெண்டு ரயில் மாறி யாரும் வரமாட்டார்கள். சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தை என்னை விடாமல் அவளே கழுவி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நான் கேக்கறத தப்பா எடுத்துக்காதீங்க. பாஸ்கர்னு ஒருத்தர் உங்கள கட்டிக்கக் கேட்டாராமே. இவருதான் சின்ன வயசுல, அவரு வாங்கிக் குடுத்த கிரிக்கெட் பேட்ட ஏரியில தூக்கிப் போட்டு, நீ எங்கப்பா இல்லன்னு கத்தி தொரத்திட்டாராமே. என்னாலதான் எங்கம்மா ஒத்தையா நின்னுட்டாங்கன்னு சொல்லி ஒரே அழுக அத்தை" என்றாள்.

பாஸ்கர் மாமா பேரையே நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வளர்ந்திருக்கிறாய். கல்யாணம் கட்டப்போகிற பெண்ணிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறாய். நீ நினைப்பது தப்பு, கண்ணு. உன்னால் எதுவும் நடக்கவில்லை. எது எப்படி நடந்தது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கிற சிலைதான் உனக்குத் தெரிந்த அப்பா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முறுக்கு மீசையோடு, வருஷத்துக்கு ரெண்டு தடவை மாலை வாங்கிக்கொள்கிற ஆள். அந்த மீசை உன் அப்பாவுடையது இல்லை. சிலை செய்தவர் அவரைப் பார்த்ததே கிடையாது. ராணுவ வீரன் என்றால் மீசை வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் வைத்துவிட்டார். உன் அப்பாவுக்கு மேலுதட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும். எலி மீசை என்று சிநேகிதன் கேலி செய்ததால் தினமும் மழித்துவிடுவார். எனக்கு அவரைக் கட்டிவைத்தபோது அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

அவர் பெயர் ஏழுமலை என்று கல்லில் இருக்கிறது. அதற்கு மேல் அந்தக் கல் சொல்லாதது நிறைய. அவருடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் இதே ஊரில் மற்றவர்கள் நெல் வயலில் கூலி வேலை செய்தவர்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்த பிறகு வயலுக்குப் போன கால்கள் இரும்பு மில்லுக்குப் போகத் தொடங்கின. உன் அப்பாவும் போனார். காண்டிராக்ட் வேலை. பழைய இரும்பைத் தரம் பிரித்துப் போடுவது. சட்டையெல்லாம் பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டையாக இருக்கும். அந்த மில்லில் அவரோடு கூடவே இருந்தவர்தான் பாஸ்கர். அவர் ஊர் ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே சாப்பாட்டு டப்பாவில் சாப்பிடுவார்களாம்.

திருவள்ளூரில் மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போனார் என்று மேடையில் பேசுகிறார்களே, அப்படி ஒன்றும் இல்லை. மில்லில் நிரந்தரம் செய்யமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது, அதனால் போனார். ஓட்டத்தில் ரெண்டு பேரும் தேறினார்கள். பிறகு பாஸ்கருக்குப் பாதம் தட்டை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் மைதானத்துச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா வரிசையை விட்டு வந்து, "நீ இல்லாம நான் மட்டும் இன்னாத்துக்குடா, வா ஊட்டுக்குப் போலாம்" என்றாராம். "போடா, ஒருத்தனாவது உருப்புடு" என்று கழுத்தைப் பிடித்துத் திருப்பி வரிசைக்குள் தள்ளிவிட்டது பாஸ்கர்தான். பிற்பாடு பாஸ்கரே இதை என்னிடம் சொன்னார். அந்தக் கை அப்படித் தள்ளாமல் இருந்திருந்தால் என்று அவர் எத்தனை தடவை நினைத்திருப்பாரோ.

சேர்ந்த பிறகு லாரி ஓட்டப் பழக்கினார்கள். துப்பாக்கியைவிட அவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததுதான் அதிகம். அரிசி, மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு, சிப்பாய்களுக்கு வரும் பார்சல்கள், இதையெல்லாம் மலை மேலே இருக்கிற முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. லீவில் வந்தால் ரெண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் எழுந்து கோழிக் குழம்பு வைப்பார். என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். நாய் என்றால் பயம். எதிரில் ஒரு நாய் வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னை அந்தப் பக்கம் மாற்றிவிட்டு நடப்பார். இந்த மனுஷன்தான் எல்லையில் எதிரிகளைச் சுட்டுச் சாய்த்தார் என்று நம் ஊரில் பேசினார்கள்.

ஒரு லீவில் என்னைப் புதுவாயல் கூட்டுரோட்டுக்குக் கூட்டிப்போனார். நீ என் இடுப்பில் இருந்தாய். கல்கத்தா ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தைக் காட்டி, "சர்வீஸ் முடிச்சிட்டு வந்து இங்கதான் ஒரு பங்க்சர் கட போடப்போறேன். நீ டீ போடு. லாரிக்காரனுக்கு ரெண்டும் வேணும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். "மிலிட்டரிக்காரரு பங்க்சர் ஒட்டுவாரா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. அவர் ஆசைப்பட்டுச் சொன்ன ஒரே விஷயம் அது. எனக்கு அந்த உடுப்பு பிடித்திருந்தது, அதனால் அதற்குள் இருந்த ஆள் சொன்னது காதில் ஏறவில்லை. ஷாலினி உன்னிடம் இப்படி எதையாவது சொன்னால், அது உனக்கு எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், சிரிக்காதே. கேட்டுக்கொள்.

கடைசியாக அவர் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரோட்டோரக் கடைக்குப் போன் வரும், நான் போய்க் காத்திருப்பேன். "கொயந்த இன்னா பண்றான்?" என்றார். உன்னைத் தோளில் போட்டிருந்தேன், தூங்கிக்கொண்டிருந்தாய். "எயுப்பேன், ஒரு சத்தம் கேட்டுட்டு வெச்சிடறேன்" என்றார். "இப்பத்தான் தூங்கனான், எயுப்புனா அழுவான், அடுத்த வாரம் பேசலாம்" என்று நான் சொல்லிவிட்டேன். சரி என்று வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி வந்துவிட்டது.

எப்படி இறந்தார் என்று நீ பத்தாவது படிக்கும்போது சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். உடம்போடு கூட வந்த வேலூர்க்காரச் சிப்பாய் என்னிடம் சொன்னதை இப்போது அப்படியே எழுதுகிறேன். சிக்கிம் பக்கம் நல்ல மழை. வரிசையாகப் போன லாரிகளில் முன்னால் போன ஒன்று சேற்றில் சிக்கிவிட்டது. உன் அப்பாவின் லாரி அதற்குப் பின்னால். அவர் இறங்கிப் போய், சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து மண் சரிந்தது. அந்த லாரியில் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இவர் கீழே குனிந்திருந்ததால் மண் வருவது தெரியவில்லை. "நல்ல மனுஷன் சகோதரி. அது அவர் வண்டிகூட இல்ல. யாரும் கூப்பிடல, அவரே இறங்கிப் போனாரு" என்று அந்தச் சிப்பாய் அழுதார்.

எனக்கு இது போதுமாக இருந்தது. ஊருக்குப் போதவில்லை. உடம்பு வந்த அன்று புதுவாயலில் கடைகளை அடைத்திருந்தார்கள். ஸ்கூல் பிள்ளைகள் ரெண்டு பக்கமும் கொடி பிடித்து நின்றார்கள். அதற்குள்ளாகவே போஸ்டரில், எதிரிகளோடு போராடி வீரமரணம் என்று போட்டாகிவிட்டது. நான் அதைப் பார்த்தேன். திருத்தவில்லை. எனக்கு அப்போது வயசு குறைவு, தலை சுற்றிக்கொண்டிருந்தது என்று காரணம் சொல்லலாம். ஆனால் பிறகும் நான் திருத்தவில்லை. அடுத்தவன் வண்டிக்குக் கல் வைக்கப் போன மனுஷனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு வீரனை வைத்தார்கள். நானும் அந்த வீரனின் மனைவியாகப் போய் நின்றேன்.

சிலை திறந்த அன்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நாற்காலி போட்டு, "வாம்மா, உக்காரு" என்றார் ஊர்த் தலைவர். எந்த வீட்டு வயலில் என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாரோ, அந்த வீட்டு ஆள் அவர். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். என் அப்பா கீழே கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தெரிந்த பெருமையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த நாற்காலி எனக்குப் பிடித்துவிட்டது, கண்ணு. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

நீ ஸ்கூல் போகத் தொடங்கியதும் நான் பாக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி வேன் அந்தச் சிலைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். பாஸ்கர் அதற்குள் மில்லில் இரும்பை ஒட்டித் தூக்குகிற காந்தக் கிரேன் ஓட்டுகிறவர் ஆகியிருந்தார், நம் ஊருக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ரூம் எடுத்திருந்தார். அவர் வேனும் அங்கேதான் வரும். காலையில் வந்தவுடன் சிலையை நிமிர்ந்து பார்ப்பார். "டேய் ஏழுமல, நான் ஷிப்டுக்குப் போறேன். நீ நல்லா நின்னுக்கினு இரு. உனுக்கு அடிக்கிற யோகம்டா" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த மீசைய எவன் ஒட்டனான்னு தெரிஞ்சா சொல்லுங்க, அவன ஒரு தபா பாக்கணும்" என்பார். உன் அப்பா இறந்த பிறகு நான் வாய் விட்டுச் சிரித்தது அந்தச் சிலைக்கு அடியில்தான். சிலையைப் பார்த்து எல்லாரும் கும்பிட்டார்கள். அவரோடு பேசியது பாஸ்கர் ஒருத்தர்தான்.

நீ ரெண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது பொங்கலுக்கு உனக்கு ஒரு கிரிக்கெட் பேட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஸ்கூலில் உன்னை யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நீ அதை வாங்கி நேராக ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீரில் வீசிவிட்டாய். "நீ எங்கப்பா இல்ல, எங்கப்பா அங்க நிக்கிறாரு" என்று கத்தினாய். இதுவரைக்கும் உன் நினைவு சரி. அதற்குப் பிறகு நடந்தது உனக்கு ஞாபகம் இல்லை. அவர் பேண்ட்டோடு ஏரியில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு வந்தார். சேறு சொட்டச் சொட்ட நின்று சிரித்தார். "அப்பன் மாரியே கோவம். அவனும் இப்டித்தான், கோவம் வந்தா சோத்து டப்பாவ தூக்கி கடாசுவான்" என்றார். பேட்டை நம் வீட்டுத் தாழ்வாரத்தில் காயவைத்துவிட்டுப் போனார். ஒரு மாசம் நீ அதைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் உன் சிநேகிதர்கள் வந்து கூப்பிட்டபோது, என்னைப் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு ஓடினாய். அது கைப்பிடி உடையும்வரை அதில்தான் ஆடினாய்.

அவர் என்னைக் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஆடி மாசத்தில். மழை பிடித்துக்கொண்டு வேன் வராத ஒரு காலையில், நிழற்குடையில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். "உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டா அப்புறம் நீங்க என்கூட பேசமாட்டீங்களோன்னு பயமா கீது" என்றார். "கேளுங்க" என்றேன். "என்ன கட்டிக்கிறீங்களா? ஏழுமலைக்குப் பதிலா இல்ல. அவன் எடத்துக்கு யாரும் வரமுடியாது. நான் தனியா ஒரு எடத்துல இருந்துக்கறேன்" என்றார். எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது, கண்ணு. ஒரு அம்மா மகனுக்கு இதை எழுதலாமா என்று நினைத்தேன். நீயும் கல்யாணம் கட்டப்போகிறாய், உனக்குப் புரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னபோது என் முகத்திலேயே பதில் தெரிந்திருக்கும். அவர் அன்று மழையில் நனைந்துகொண்டே சிரித்துக்கொண்டு போனார்.

எங்களை யார் பார்த்தார்களோ, மழை விட்டு ரெண்டு நாளில் ஊர்த் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். உன் பெரியப்பாவும் கூட வந்து உட்கார்ந்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. தலைவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார். "நீ கட்டிக்கம்மா, யாரும் வேணாங்கல. சின்ன வயசு. ஆனா அப்புறம் கொடியேத்தற அன்னிக்கு உன்ன எப்டி மேடைக்குக் கூப்புடறது? சிலைக்கு இன்னொருத்தன் பொண்டாட்டி மால போட்டா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு." உன் பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பி பேரு ஒன்கிட்டதான் கீது" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் நான் ரெண்டு பக்கமும் நினைத்தேன். ஒரு பக்கம் சிரித்த முகமாக ஒரு மனுஷன். இன்னொரு பக்கம் அந்த நாற்காலி. கூலிக்காரன் மகள் என்று பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஊரில், "வாம்மா" என்று ஒரு அழைப்பு. அது போய்விட்டால் நான் பழையபடி யாரும் இல்லாதவளாகிவிடுவேன் என்று பயந்தேன். உன்னைப் பற்றி நான் அப்போது யோசிக்கவேயில்லை என்பதுதான் உண்மை. நீ ஒரு காரணமாக என் மனசில் வரவேயில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவரிடம் "வேணாங்க" என்றேன். அவர் வேன் வருகிற பக்கம் பார்த்தார். பிறகு, "பையன் இன்னும் கோவமா கீறானா?" என்று கேட்டார். "இல்லீங்க. அந்த பேட்லதான் ஆடிக்கினு கீறான்" என்றேன். "அப்ப யாரு வேணாம்னது?" என்றார். "நான்தாங்க" என்றேன். இதை நீ ரெண்டு தடவை படி, கண்ணு. அவர் உன்னைத்தான் முதலில் கேட்டார். நீ இல்லை என்று நான் அன்றைக்கே அவருக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லாமல் விட்டேன். நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

அவர் "சரி" என்று தலையாட்டினார். சிலையை அன்று நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து வேறு நிறுத்தத்தில் வேன் ஏறினார். சில மாசத்தில் ரூமைக் காலி செய்துவிட்டுத் தடா பக்கம் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகும் நான் அந்த நிறுத்தத்தில் தினமும் நின்றேன். சிரிக்கவில்லை.

அந்த நாற்காலிக்கு என்ன ஆனது என்று உனக்கே தெரியும். பழைய தலைவர் போய்ச் சேர்ந்தார். புதுசாக வந்த பிள்ளைகளுக்கு நான் யார் என்று தெரியாது. சிலை முன்னால் பேனர் கட்டுகிறார்கள், சிலையே தெரிவதில்லை. ஷிப்டுக்குப் போகிற வடநாட்டுப் பிள்ளைகள் பீடத்தில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, உன் அப்பா இருந்திருந்தால் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்திருப்பார். போன குடியரசு தினத்தன்று நான் மாலை போட்டுவிட்டுக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடையில் யார் யாரோ இருந்தார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து, "ஆயா, கொஞ்சம் தள்ளி நில்லு, போட்டோ எடுக்கணும்" என்றான்.

இப்போது நீ கேட்டே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பத்திரிகை வைக்கப் போய்விட்டுக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒருவர், ஒரு அம்மா, ஒரு பெண். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. பாஸ்கர். மில் சத்தத்தில் காது போய்விட்டதாம், அதனால் உரக்கப் பேசினார். "பையனுக்குக் கல்யாணமா? பேட்ட ஏரியில போட்டவனுக்கா?" என்று அவர் கேட்டபோது பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவியும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊட்ல உங்க ஊட்டுக்காரரு பேச்சு இல்லாத நாளே கெடையாதுங்க" என்றார்.

அந்தப் பெண், காலேஜ் படிக்கிறாள் போல, என்னைப் பார்த்து, "நீங்க ஏழுமல பெரியப்பா ஊட்டம்மாவா? காந்தம் தூக்கன கத உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?" என்றாள். எனக்குத் தெரியாது. அவள்தான் சொன்னாள். மில்லில் உன் அப்பா ஒரு மத்தியானம், உடைக்க வந்த பழைய கார்க்கூடு ஒன்றுக்குள் படுத்துத் தூங்கிவிட்டாராம். மேலே காந்தக் கிரேன் வந்து காரை அப்படியே தூக்கிவிட்டதாம். நடுவானத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், உள்ள ஆளு கீறேன்யா" என்று கத்தினாராம். கீழே இறக்கிவிட்ட பிறகு, "நல்ல காத்து, இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கலாம்" என்றாராம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் சொந்தப் பெரியப்பாவைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நானும் சிரித்தேன். ரயில் ஏறிய பிறகு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன்.

உன் அப்பாவைப் பார்த்தே இராத ஒரு பெண்ணுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. அவருடைய மகனுக்குத் தெரியவில்லை. உனக்கு நான் கல்லைக் காட்டி வளர்த்தேன், சல்யூட் அடிக்கச் சொன்னேன். அந்த மனுஷன் எப்படிச் சிரிப்பார் என்று சொல்லவில்லை. பாஸ்கரை வேண்டாம் என்றபோது எனக்கு ஒரு துணைதான் போனது என்று நினைத்திருந்தேன். உன் அப்பாவை அறிந்த ஒரே வாயையும் நம் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டேன் என்பது அந்த ரயிலில்தான் உறைத்தது. பத்திரிகை கொடுத்திருக்கிறேன், குடும்பத்தோடு வருகிறேன் என்றிருக்கிறார். கல்யாணம் முடிந்ததும் ஷாலினியைக் கூட்டிக்கொண்டு தடாவுக்குப் போ. பக்கத்தில் உட்கார்ந்து, உரக்கக் கேள். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வா. என்னிடம் இருப்பது கொஞ்சம்தான், அதை இங்கே எழுதிவிட்டேன்.

உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. உன் பெண்டாட்டி உன் பேரைச் சுமக்க வருபவள் இல்லை. உனக்கு ஏதாவது ஆனால், நல்ல நாள் அதுவுமாக இதை எழுதுகிறேனே என்று கோபப்படாதே, அவள் மறுபடி சிரிக்க உன் வீட்டு ஆள் யாரும் குறுக்கே நிற்கக்கூடாது. இதை அவளிடம் நீயே, உன் வாயால், நன்றாக இருக்கும்போதே சொல்லிவை. உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். வரிசையை விட்டு வந்து நின்ற மனுஷன் அவர்.

கடைசியாக ஒன்று. நிச்சயதார்த்தத்தில் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் தட்டு மாற்றினார்கள். நான் பின்னால் தூண் பக்கம் நின்றேன். எனக்கே அது பழகிப்போய்விட்டது, அதனால் யாரும் சொல்லாமலே போய் நின்றேன். ஷாலினி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் முகம் வாடியிருந்ததே என்று நீ கேட்டாய் இல்லையா, அதுதான் காரணம். நேற்று நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "கல்யாணத்துல தட்டு நான் குடுக்கறேன், தாலியையும் நான்தான் எடுத்துத் தருவேன்" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஊரு இன்னா சொல்லும்?" என்றார். "ஊருக்காகச் செத்தாருன்னு இத்தினி வருஷமா நீங்கதான் மைக்ல சொன்னீங்க. அவரு புள்ள கல்யாணத்துல அவரு பொண்டாட்டி முன்னால நிக்கக் கூடாதுன்னு அந்த ஊரு சொல்லுமா? சொல்லட்டும், கேக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. உள்ளேயிருந்து பெரியம்மாதான் வந்து, "அவளுதுதான் அந்த எடம். நம்ம இத்தினி நாளு அதுல நின்னுக்கினு இருந்தோம்" என்றார். பெரியப்பா மறுபடி உட்கார்ந்து, "சரிம்மா" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அவரைக் கோபிக்காதே, அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தான்.

இந்தக் குரல் அந்த ஆடி மாசத்தில் எனக்கு வந்திருக்கலாம். வரவில்லை. அதற்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் நீ சுமந்த பாரத்தை இன்றோடு இறக்கி வை.

முகூர்த்தத்தன்று கெட்டிமேளம் சொல்லும்போது, கூட்டத்தில் பின்னால் என்னைத் தேடிக்கொண்டிருக்காதே. நான் உன் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்பேன்.

அம்மா